மாதேஸ்வரன் மலைக்கு ஒரு குடும்ப நடை



விடுமுறை நாட்களில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பது, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் போன்ற குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகின்ற கேள்வியாகும். ஊருக்குச் சென்றால் உறவினர் வீடுகளிலேயே நாட்கள் கழிந்துவிடுகின்றன. செல்லாவிடில் மைசூர் அரண்மனையையும் பிருந்தாவனத் தோட்டத்தையும் எத்தனையாவது முறையாகவோ காண நேர்கிறது. சென்ற மார்கழி விடுமுறையில் எங்கள் இல்லத்தில் இக்கேள்விக்கு விடை கூறியவர் என் தாயார். "இந்தத் தடவை என்னை மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போ. ஆனால் காரில் வேண்டாம், நடந்தே போகவேண்டும்" என்றார்.

அவருக்கு வயது 73. முழங்கால் வலிக்குத் தைலம் தடவாமல் அவர் உறங்கிய நாள் அண்மையில் இல்லை. ஆதலால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்த ஆசையின் வேர் பழமையானது. என் தாயாரின் பிறந்த ஊர், மேட்டூர் அணைக்கு அப்பாலுள்ள கொளத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தது. சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களின் மலையோரச் சிற்றூர்களில் மாதையன், மாதம்மாள், மாதேசு என்னும் பெயர்களைப் பரக்கக் காணலாம். அவையெல்லாம் இம்மலைத் தெய்வத்தின் பெயர்களே. மாடுகன்றுகளைக் காக்கும் தெய்வமாக அப்பகுதி உழவர்கள் மாதேஸ்வரனைப் போற்றுகின்றனர். 1993இல் என் தந்தையார் கடும் நோயுற்றிருந்தபோது, அவர் பிழைத்தெழுந்தால் மலைக்கு நடந்தே வருவதாக அம்மா நேர்ந்துகொண்டார். தந்தையார் பிழைத்தார், அதன்பின் பல ஆண்டுகள் நலமாக வாழ்ந்து மறைந்தார். நேர்த்திக்கடன் மட்டும் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மலைக்குச் செல்லும் சாலை, பாலாறு என்னுமிடத்தில் மாநில எல்லையைக் கடக்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பாலாறு வேறு. காவிரியில் கலக்கும் இச்சிற்றாறு வேறு. 1993 ஏப்ரல் 9ஆம் நாள் இந்தப் பாலாற்றுக்கு அருகே சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் புதைத்து வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அதற்கு முன்பே, 1991இல், மக்களின் அன்பைப் பெற்ற வனத்துறை அதிகாரி சீனிவாஸ் கோபிநத்தம் பகுதியில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டிருந்தார். 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும்வரை இக்காடுகளில் அச்சமே ஆட்சி செய்தது எனலாம். மலைமக்களோ இருபுறமும் அடிபட்டனர். அதிரடிப் படையினரின் கொடுமைகளுக்கு ஆளானவர்களுள் 89 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அத்தகைய காலத்தில் ஒரு பெண், கணவருக்காக நேர்ந்துகொண்டு காட்டுவழியே நடப்பதை எவர் அனுமதிப்பார்?

"அப்போது பயம். பிறகு நீங்கள் படிப்பு, உத்தியோகம். பிறகு என் கால். ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம்" என்றார் அம்மா. அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

முடிவில் வழி கண்டவர் என் துணைவியார். "அத்தை முடிந்த தூரம் நடக்கட்டும். நீங்களும் பிள்ளைகளும் கூட நடங்கள். நான் காரை ஓட்டிக்கொண்டு முன்னே சென்று, பாதுகாப்பான இடங்களில் நிறுத்திக் காத்திருக்கிறேன்" என்றார். மருத்துவரும் அதற்கு இசைந்தார்.

வழியும் வரலாறும்

மைசூரிலிருந்து மலை ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவு. காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிபுரம், பட்டுக்குப் பெயர்பெற்ற கொள்ளேகாலம், பிறகு ஹனூர், கௌதள்ளி எனச் சாலை செல்கிறது. கௌதள்ளிக்கு அப்பால் வயல்கள் குறைந்து முட்புதர்களும் பாறைகளும் மிகுகின்றன. தாளபெட்டா என்னும் அடிவாரத்தை அடைந்ததும், அடுக்கடுக்காய் மலைகள் எதிரே எழுந்து நிற்கின்றன. எழுபத்தேழு மலைகளுக்கு நடுவே இறைவன் எழுந்தருளியிருப்பதாகக் கன்னட மக்கள் கூறுவர்.

கொள்ளேகாலத்தில் சிற்றுண்டி உண்ணும்போது என் மகனுக்கு ஒரு செய்தி கூறினேன். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரியாக மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரையில் கொள்ளேகாலம் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்றுதான் அது மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்தினின்று சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது இம்மலை அதனுள் அடங்கிற்று. என் பாட்டனார் கொளத்தூரிலிருந்து நடந்தபோது, எந்த மாநில எல்லையையும் கடக்கவில்லை. அவர் நடந்த அதே மலைக்கு அவருடைய மகள் இப்போது வேறு மாநிலத்து யாத்திரிகராக வருகிறார். மகன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "அப்படியானால் மலை நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது" என்றான். பதினோரு வயதுப் பிள்ளையின் விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

நடையின் நடுவே

தாளபெட்டாவிலிருந்து கோயில் வரை சாலை வழியே ஏறத்தாழ 18 கி.மீ. முதல் நாள் மாலையே கௌதள்ளிப் பக்கம் வந்து, அந்நாளில் நடைக்கு அனுமதி உண்டா என்று கேட்டறிந்திருந்தோம். இது வனவிலங்குகள் வாழும் காடு. 2013இல் 906 சதுர கி.மீ. பரப்புள்ள வனவிலங்குப் புகலிடமாக இது அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் காவிரிப் புகலிடமும், மறு பக்கம் பிலிகிரிரங்கன் மலைக் காடும், தெற்கே நம் சத்தியமங்கலம் காடும் இதனோடு தொடர்ந்து கிடக்கின்றன. யானைக்கும் புலிக்கும் சிறுத்தைக்கும் இது ஒரே நிலம். ஆதலின் விடிந்து வெளிச்சம் நன்கு பரவிய பின்னரே, வேறு சில யாத்திரிகர்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினோம்.

முதல் இரண்டு கிலோ மீட்டர் அம்மாவே எங்களுக்கு முன்னால் நடந்தார். கையில் ஒரு மூங்கில் கோல். இடுப்பில் சிறு துணி மூட்டை. அதனுள் தேங்காயும் கற்பூரமும் என் தந்தையாரின் பழைய துண்டு ஒன்றும். என் மகள் அவர் கையைப் பிடிக்க முயன்றபோதெல்லாம் உதறிவிட்டார். எங்கள் சேலம் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று அழைப்பது வழக்கம். "ஆயா, மெதுவாக!" என்று பிள்ளைகள் கூவுவதும், அவர் திரும்பிப் பாராமல் ஏறுவதுமாக ஒரு மணி நேரம் சென்றது. நான்காவது கிலோ மீட்டரில் நடை தளர்ந்தது. ஆறாவது கிலோ மீட்டர் அளவில் ஒரு வளைவில், மரநிழலில் அமர்ந்துவிட்டார்.

அங்கே முன்பே ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அருகில் ஓர் அரிசி மூட்டை. சாலையினின்று பிரிந்து காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதை ஒன்று அவருடைய ஊருக்குச் செல்கிறதாம். அவருக்குத் தமிழ் சில சொற்களே தெரியும். என் தாயாருக்குக் கன்னடம் அறவே தெரியாது. மைசூரில் எங்களோடு வாழத் தொடங்கிய பின்னரும், கடைக்குப் போனால் பேரனைத் துணைக்கு அழைப்பவர் அவர். பேரனும் பெருமையோடு இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனாக வந்து அமர்ந்தான்.

ஆனால் சிறிது நேரத்தில் அவன் வேலை குறையத் தொடங்கியது. அந்த அம்மையார் "அக்கா" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. "உப்பு" என்றார், அதுவும் வேண்டியிருக்கவில்லை. என் தாயார் பசுவைப் பற்றியும் பாலைப் பற்றியும் கேட்டார். அவர் "ஹசு", "ஹாலு" என்று விடை சொன்னார். புலியைப் பற்றிய பேச்சு வந்தது; அவர் "ஹுலி" என்றார். என் மகன் திடீரென்று எழுந்து நின்று, "ஆயா! நீங்கள் 'ப' சொல்லும் இடத்தில் அவர்கள் 'ஹ' சொல்கிறார்கள். அவ்வளவுதான்!" என்று கூவினான்.

அவன் கண்டது உண்மையே. பழங்கன்னடத்திலும் பால், புலி என்றே சொற்கள் பகரத்தில் தொடங்கின. இடைக்காலத்தில் அப்பகரம் ஹகரமாக மாறிற்று. பத்து ஹத்து ஆயிற்று; பல் ஹல்லு ஆயிற்று; பூ ஹூ ஆயிற்று; பெண் ஹெண்ணு ஆனாள்; பள்ளி ஹள்ளி ஆயிற்று. இத்தெய்வத்தைக் கன்னட மக்கள் 'மலெ மஹதேஸ்வரர்' என்கின்றனர். அந்த 'மலெ' நம் மலையே. பள்ளியில் கன்னடத்தை ஒரு பாடமாகவும், வீட்டில் தமிழை ஒரு கட்டாயமாகவும் கருதி, இரண்டிலும் சலிப்புற்றிருந்த பிள்ளை அவன். அன்று மாலை வரை கண்ணில் பட்ட பொருள்களுக்கெல்லாம் இரு மொழியிலும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டு மொழிகளைப் பிள்ளைகள் மேல் சுமத்துகிறோமே என்று வருந்தும் பெற்றோர் நம்மிடையே உண்டு. சுமையாகத் தோன்றுவது சில வேளை ஊன்றுகோலாகவும் ஆகிறது என்பதை அவர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அந்த அம்மையாரின் கதை

அம்மா தம் நேர்த்திக்கடனைச் சொன்னார். பேரன் அதை மொழிபெயர்த்தான். கேட்டுவிட்டு அந்த அம்மையார் சிரித்தார். அவர் கிழமைக்கு ஒரு முறையேனும் இவ்வழியே ஏறி இறங்குகிறாராம். கடைக்கு நடை, மருந்துக்கு நடை, மாடு விற்க நடை. அவருடைய மருமகளுக்குப் பேறுகால வலி எடுத்தபோது, கம்பில் தூளி கட்டி அவளை இரவில் சுமந்து வந்தனராம். தாயும் பிள்ளையும் நலம் என்று கூறி, கையை மலையுச்சி நோக்கிக் குவித்தார்.

அவர் மூட்டையைத் தலைமேல் தூக்கி வைக்க நானும் மகளும் உதவினோம். அவர் காட்டுப் பாதையில் இறங்கி மறையும் வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் ஒரு நாள் நடக்க முப்பது வருஷம் காத்திருந்தேன். அவளுக்கு இது நித்தம். அவள் யாருக்காக நேர்ந்துகொண்டாள்?" என்றார்.

அக்கேள்வி என்னை விட்டு இன்னும் நீங்கவில்லை. இம்மலைத் தொடரில் பல சிற்றூர்கள் காட்டுக்கு நடுவே உள்ளன. வனச் சட்டங்களின்படி அங்கே சாலை அமைப்பது எளிதன்று. அனுமதிகள் பல பெறவேண்டும். காட்டைக் காப்பதும் கடமையே. மக்களைக் காப்பதும் கடமையே. இவ்விரு கடமைகளுக்கும் இடையே சிக்கிக்கொண்டவர்கள் மலைமக்கள். 2024 ஏப்ரல் 26இல் மக்களவைத் தேர்தல் நடந்தபோது, இம்மலைப் பகுதியிலுள்ள இண்டிகநத்தம் என்னும் ஊரில், அடிப்படை வசதிகள் இல்லையென்று மக்கள் வாக்களிக்க மறுத்தனர். தகராறு மூண்டு வாக்குச்சாவடியே சேதமுற்றது. மூன்று நாள் கழித்து மறு வாக்குப்பதிவு நடந்தது. 2025 ஏப்ரல் 24இல் கர்நாடக அமைச்சரவையே இம்மலையில் வந்து கூடியது. கூட்டங்களால் பயன் விளையுமாயின் நன்று.

அதே ஆண்டு ஜூன் திங்களில் இக்காட்டில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சால் இறந்து கிடந்தன. பசுவைப் புலி கொன்றதால் சினமுற்று, அப்பசுவின் உடலிலேயே நஞ்சு கலந்ததாகக் கண்டறிந்து சிலரைக் கைது செய்தனர். மாதேஸ்வரர் புலியை ஊர்தியாகக் கொண்டவர், மாடுகளுக்கும் காவலர். புலியும் பசுவும் ஒரே தெய்வத்தின் காவலில் இருந்த மலையில், இரண்டும் மாண்டன. ஒரு பசுவை இழந்த ஏழையின் வீட்டில் எஞ்சுவது என்ன என்பதையும், ஐந்து புலிகளை இழந்த காட்டில் எஞ்சுவது என்ன என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும் என்று என் மகளிடம் கூறினேன். அவள், "பசுவுக்கு உரிய பணம் உடனே கையில் கிடைத்தால் நஞ்சு வைக்கத் தோன்றாது அல்லவா, அப்பா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

மீதி வழி

அம்மா எழுந்து நின்று பார்த்தார். முழங்கால் இடம் தரவில்லை. என் துணைவியார் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவர் கண்கள் கலங்கின. முப்பதாண்டுக் கடன் மூன்றில் ஒரு பங்கோடு முடிந்துவிட்டதே என்னும் வருத்தம் அது. அப்போது என் மகள் அவர் கையிலிருந்த கோலை வாங்கிக்கொண்டு, "மீதியை நான் நடக்கிறேன், ஆயா. கடன் குடும்பத்துக்குத்தானே?" என்றாள். அம்மா சற்று நேரம் ஒன்றும் கூறவில்லை. பிறகு மடியிலிருந்த துணி மூட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

நானும் மகளும் நடந்தோம். மகனும் ஒரு பகுதி நடந்து, பின்பு காரில் ஏறிக்கொண்டான். வெயில் ஏறியது. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு ஆழ்ந்துகொண்டே சென்றது. எங்களோடு வந்த யாத்திரிகர்கள் "உகே! உகே!" என்று முழங்கினர். சாலையோரத்தில் எறியப்பட்டுக் கிடந்த பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் கண்டு மட்டும் மனம் நொந்தது. நடப்பவர்கள் எறிந்தவையே அவை. பக்தியோடு மலை ஏறுகிறவர் கையில் ஒரு வெறும் புட்டியைத் திரும்பக் கொண்டு செல்லும் வலிமை இல்லாமற் போவதேன் என்பது விளங்கவில்லை. நடுப்பகல் கடந்து கோயில் வாயிலை அடைந்தோம். அம்மா எங்களுக்கு முன்பே அந்தரகங்கைத் தீர்த்தத்தில் தலையில் நீர் தெளித்துக்கொண்டு, படிக்கட்டில் அமர்ந்து காத்திருந்தார்.

மாதேஸ்வரர் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சிவனடியார் எனக் கருதப்படுகிறார். அவர் வரலாற்றை நெடுங்காவியமாகப் பாடுவோர் தேவரகுட்டர் எனப்படுவர். கையில் அவர்கள் ஏந்தும் வெண்கலத் தாளத்துக்குக் கம்சாளே என்று பெயர். தேனெடுக்கக் காடு செல்லும் கணவன், மனைவி சங்கம்மாவின் மீது ஐயுற்று அவளைத் துன்புறுத்த, மாதேஸ்வரர் அவளுக்கு அருள் செய்த கதை அக்காவியத்தில் புகழ்பெற்ற பகுதி. காட்டில் தனித்து நிற்கும் பெண்ணுக்குத் துணை நின்ற தெய்வம் என்று கேட்டதும், அம்மா வழியில் கண்ட அம்மையாரையே மீண்டும் நினைவுகூர்ந்தார். தந்தையாரின் துண்டை நனைத்துப் பிழிந்து, தம் கையாலேயே தேங்காய் உடைத்து, "அவர்கள் ஊருக்கும் ஒரு வழி பிறக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டார். இம்முறை எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.

செல்ல விரும்புவோர்க்கு

மகா சிவராத்திரி, யுகாதி, தீபாவளி, அமாவாசை நாட்களில் பெருங்கூட்டம் இருக்கும். தீபாவளியின்போது 101 சிறுமியர் காட்டு நீர்த்துறையினின்று குடங்களில் நீர் சுமந்து வரும் ஹாலருவே விழா காணத்தக்கது; ஆயினும் முதியோரும் குழந்தைகளும் உள்ள குடும்பத்தார் அமைதியான நாட்களையே தேர்ந்துகொள்க. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட, புலிமேல் அமர்ந்த 108 அடி உயர மாதேஸ்வரர் சிலையைப் பிள்ளைகள் விரும்பிக் காண்பர். நடந்து செல்ல எண்ணுவோர், அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் அவ்வப்போது மாறுவதால், புறப்படுமுன் வனத்துறையிடமும் கோயில் அலுவலகத்திலும் கேட்டறிதல் இன்றியமையாதது. தனித்து நடத்தலும், இருட்டில் நடத்தலும், காட்டுக்குள் விலகிச் செல்லலும் ஆகா. மலையேற்றத் தடங்களுக்குக் கர்நாடக வனத்துறை 2024இல் இணையவழி முன்பதிவு முறையை ஏற்படுத்தியுள்ளது. நீரும் தொப்பியும் நல்ல செருப்பும் கொண்டு செல்க. கொண்டு சென்ற எதையும் அங்கே விட்டு வராதீர்.

வழியில் மூட்டையோடு அமர்ந்திருக்கும் மலைவாழ் மக்களைக் கண்டால், சற்று நின்று நலம் விசாரியுங்கள். கன்னடம் வராதெனின் பிள்ளைகளை முன்னே விடுங்கள். அவர்களும் அருகில் இல்லையெனின், 'ப' வரும் இடத்தில் 'ஹ' போட்டுப் பேசிப் பாருங்கள்.

அந்த மூங்கில் கோல் இப்போது எங்கள் வீட்டு முன்கூடத்தில், என் மகளின் புத்தக அலமாரிக்கு அருகில் சார்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்து வைத்தவர் அம்மா. கடைக்குப் போகையில் பேரனை அவர் இப்போது அழைப்பதில்லை. "ஹாலு" என்று தாமே கேட்டு வாங்கி வருகிறார். சில்லறையில் ஏமாறுகிறாரா என்பதை நாங்கள் கேட்பதில்லை.

வாசகர்களும் தத்தம் குடும்பப் பயணங்களைப் பற்றி இப்பகுதிக்கு எழுதி அனுப்பலாம்.